நாரைகள் வாங்கிக்கொண்ட முதல் பிரதி

நம் பதிப்பகத்துக் கண்ணாடி அலமாரியின் மேல் தட்டில் ஒரு புத்தகம் இருக்கிறது. அதன் அட்டையில் வெள்ளையும் சாம்பலுமாகக் காய்ந்துபோன பெரிய கறை ஒன்று உண்டு. புதிதாகச் சேர்ந்த உங்களில் ஒருவர் போன வாரம் ஈரத்துணியோடு அதைத் துடைக்கப் போனதாகக் கேள்விப்பட்டேன். ஓய்வு பெற்று உச்சிப்புளியில் நிம்மதியாக இருக்கிறவளை இப்படியெல்லாம் பதற வைக்காதீர்கள். அது அழுக்கில்லை, நாரை எச்சம். அதைத் துடைத்தால் ஒரு வெளியீட்டு விழாவையே துடைத்த மாதிரி.

துடைக்காதே என்று மட்டும் சொன்னால் உங்கள் வயதில் யாரும் கேட்கமாட்டீர்கள். நானும் கேட்டதில்லை. அதனால் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

நாம் போடுவது வட்டாரப் புத்தகங்கள். ஓர் ஊரின் வரலாறு, ஒரு காட்டின் பறவைகள், ஒரு கரையின் மனிதர்கள். நாவல் போடுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு, அவர்களுடைய கதாபாத்திரங்கள் விழாவுக்கு வருவதில்லை. நம் புத்தகத்தில் வருகிறவர்களோ வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுடைய தாத்தா பெயர் எந்தப் பக்கத்தில், பக்கத்து வீட்டுக்காரர் தாத்தா பெயர் எந்தப் பக்கத்தில் என்று விரல் வைத்துப் பார்ப்பார்கள். பிழை திருத்துவதும் படம் வைப்பதும் உங்களுக்குத் தானாக வந்துவிடும். அந்த முதல் வரிசையைச் சமாளிப்பதுதான் வேலை.

சிக்கலுக்கு வடக்கே ஒரு பெரிய கண்மாய் இருக்கிறது. (சிக்கல் என்ற பெயரை வைத்து ஜோக் அடிக்காதீர்கள். அந்த ஊர்க்காரர்கள் எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டார்கள்.) கண்மாய்க் கரையின் வடக்கு முனையில் வடகரை, தெற்கு முனையில் தென்கரை என்று இரண்டு ஊர்கள். கரையின் நடுவில் மடை. மழை பெய்து கண்மாய் நிறைந்ததும் உள்ளே இருக்கும் கருவேல மரங்களில் நாரைகளும் கூழைக்கடாக்களும் வந்து கூடு கட்டும். அந்தக் கண்மாயையும் பறவைகளையும் இரண்டு ஊர் மக்களையும் பற்றித்தான் அந்தப் புத்தகம். எழுதியவர் ஒரு மாட்டு டாக்டர்.

டாக்டருக்குச் சொந்த ஊர் ராமேஸ்வரம் தீவில் அக்காள்மடம். கடலைப் பார்த்து வளர்ந்தவர் மாட்டுக்கு வைத்தியம் படித்து, வேலைக்காக இந்த வறண்ட பக்கத்துக்கு வந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தார். ஓய்வுக்குப் பிறகும் மாட்டுக்கு ஒன்று என்றால் தீவிலிருந்து வந்துபோனார். ஊசி போடப் போன வீட்டில் எல்லாம் கதை கேட்டார். பொழுது கிடைத்தால் கரையில் உட்கார்ந்து பறவை பார்த்தார். தங்கமான மனிதர். ஒரே ஒரு குறை, யாரிடமும் ‘முடியாது’ என்று சொல்லத் தெரியாது.

அவருக்கும் எனக்கும் ஒரே ஒரு விஷயத்தில்தான் சண்டை. ‘வெளியூர்க்காரனான நான்’ என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருந்தார். நான் அதைப் பேனாவால் அடிப்பேன். அடுத்த கைப்பிரதியில் அது திரும்ப வந்து நிற்கும்.

“எதுக்கு டாக்டர் இது? பாதி ஆயுசு அங்கனதானே இருந்தீக?”

“நான் என்ன தங்கச்சி செய்ய? அவங்க இன்னும் என்னைய ‘வெளியூரு டாக்டரு’ன்னுதான் சொல்றாங்க. இல்லாததை எழுதக்கூடாதுல்ல?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அந்த வரியை எடுக்க மட்டும் சம்மதிக்கவில்லை. முன்னுரையின் முதல் வரியாகவே அது அச்சாகிவிட்டது.

விழாவுக்கு மறுநாள் அவர் கோயம்புத்தூரில் மகன் வீட்டுக்குக் குடிபெயர்வதாக ஏற்பாடு. சாமான்கள் கட்டியாகிவிட்டன. போவதற்கு முன்னால் இரண்டு ஊரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து தன் புத்தகத்தைக் கையில் வாங்குவதைப் பார்க்கவேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. கேட்பதற்குச் சின்ன ஆசைதான். ஆனால் அந்த இரண்டு ஊரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. கோயில் திருவிழாவில் பரிவட்டம் முதலில் எந்த ஊருக்கு என்பதில் ஆரம்பித்து, மடை திறக்கும்போது முதலில் யார் கை வைப்பது என்பது வரை, எல்லாவற்றிலும் முதல் மரியாதைத் தகராறு. ஒரு தடவை தகராறு முற்றித் திருவிழாவே நின்றுபோனது.

இது தெரிந்துதான் அழைப்பிதழில் நான் சாமர்த்தியமாக ‘முதல் பிரதி பெறுவோர்: ஊர்ப் பொதுமக்கள்’ என்று போட்டிருந்தேன். விழா சிக்கலில் ஒரு கல்யாண மண்டபத்தில். பொது இடம், மைக், நாற்காலி, காப்பி எல்லாம் தயார். விழா அன்று காலை டாக்டர் தீவிலிருந்து வேனில் வந்து, வழியில் உச்சிப்புளியில் என்னை ஏற்றிக்கொண்டார். வேன் கிளம்பியதும் தொண்டையைக் கனைத்தார்.

“தங்கச்சி, ஒரு சின்ன விஷயம்.”

டாக்டர் சின்ன விஷயம் என்று ஆரம்பித்தால் நான் சீட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வேன்.

“முதல் பிரதிய வடகரை கருப்பையாவுக்குத் தாரேன்னு சொல்லிட்டேன்.”

கருப்பையா வடகரையின் தலைவர். “அப்ப தென்கரை முனியசாமி சும்மா இருப்பாரா?” என்றேன்.

“அவருக்கும் தாரேன்னு சொல்லிட்டேன்.”

வேன் கொஞ்ச தூரம் போனது.

“ரெண்டு பேருக்கும் முதல் பிரதியா டாக்டர்?”

“கருப்பையா வீட்டுல மாடு கன்னு போட முடியாமக் கெடந்துச்சு. கன்னு வெளிய வந்த சந்தோசத்துல கையப் புடிச்சுக்கிட்டுக் கேட்டாரு. அந்த நேரத்துல எப்படி முடியாதுங்கிறது?”

“சரி, முனியசாமி?”

“அவருக்கு அன்னைக்கு மாடு செத்துப்போச்சு. அந்த நேரத்துல மட்டும் எப்படி முடியாதுங்கிறது?”

எனக்கு வந்த கோபத்துக்கு அவரை அங்கேயே இறக்கிவிட்டிருப்பேன். அவர் முகத்தைப் பார்த்தால் அவருடைய மாடே செத்த மாதிரி இருந்தது. புத்தகம் தகராறுப் பொருள் ஆகிவிட்டால் இரண்டு ஊரும் அதைத் தொடாது என்பது அவருக்கும் தெரியும். பிரதிகள் கட்டுப் பிரிக்காமல் திரும்பி வரும். மறுநாள் அவர் அதைப் பார்த்துவிட்டு ரயில் ஏறுவார்.

இந்த மாதிரி நேரத்தில் சண்டையை நிறுத்துவது எப்படி என்று யோசிக்காதீர்கள். இரண்டு ஊர் காலங்காலமாக வளர்த்த சண்டையை ஒரு பதிப்பகம் வேன் பயணத்தில் நிறுத்திவிட முடியாது. சண்டை எங்கே நடந்தால் சேதம் குறைவு என்று யோசியுங்கள். மைக் இருக்கும் மண்டபத்தில் நடந்தால் சிக்கல் முழுக்கக் கேட்கும், அப்புறம் இரண்டு பேராலும் இறங்கிவர முடியாது. அப்போதுதான் டாக்டர் புத்தகத்தில் எழுதியிருந்த ஒரு வழக்கம் எனக்கு ஞாபகம் வந்தது.

பறவை கூடு கட்டியிருக்கும் மாதங்களில் அந்த ஊர்களில் வெடி கிடையாது, மேளம் கிடையாது. தீபாவளிக்குப் பிள்ளைகள் மத்தாப்போடு சரி. கண்மாய்க் கரையில் சத்தம் போட்டே பேசக்கூடாது. மீறிக் கத்துகிற ஆளுக்கு ‘வாய்க்கட்டு’ என்று ஒரு தண்டனை. மாதாமாதம் அமாவாசைக்கு இரண்டு ஊரும் மடையில் கூடும் கூட்டத்துக்கு அவர் தவறாமல் வரவேண்டும். வந்து, எல்லோரும் பேசுவதைக் கேட்டுக்கொண்டு, வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கவேண்டும். ஒரு வருஷத்துக்கு இப்படி. கூட்டத்தில் பேசுவதற்காகவே உயிர் வாழ்கிற மனிதர்களுக்கு இதைவிடக் கொடுமை ஏது? வெளியூர்க்காரர்களுக்கு மட்டும் இந்தத் தண்டனையிலிருந்து விலக்கு. கூழைக்கடாவைப் பார்த்த சந்தோஷத்தில் சென்னைப் போட்டோக்காரர்கள் கூச்சல் போட்டால்கூட, ‘பாவம், அறியாத புள்ளைக’ என்று கையசைத்து அனுப்பிவிடுவார்கள்.

வேனிலிருந்தே இரண்டு தலைவர்களுக்கும் போன் போட்டேன். “கண்மாயைப் பத்தின புத்தகத்தைக் கல்யாண மண்டபத்துலயா வெளியிடுறது? கரையில, மடைக்கிட்ட வச்சுக்கிருவோம்” என்றேன். “நல்ல யோசனை டீச்சர்” என்றார்கள் இரண்டு பேரும். புத்தகத்தோடு எந்தப் பொம்பளை வந்தாலும் அங்கே டீச்சர்தான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இரண்டு ஊரும் வந்துவிட்டது. மடைக்கு வடக்கே வடகரை, தெற்கே தென்கரை. இரண்டு பக்கமும் தாம்பாளத்தில் மாலை, சந்தனம், முதல் பிரதியை மூடி எடுத்துப் போகப் பட்டுத்துண்டு. வடகரை மேளக்காரர்களைக்கூடக் கூட்டி வந்திருந்தது. அவர்கள் தவிலுக்குப் போர்வை போட்டு மூடி மடியில் வைத்துக்கொண்டு, வேலையில்லாமல் பறவை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டாக்டர் புத்தகத்தை எடுத்தார். கருப்பையா எழுந்தார். அதே நேரத்தில் முனியசாமியும் எழுந்தார். இவர்கள் இரண்டு பேரும் மாமன் மச்சான் முறை என்பதையும் சொல்லவேண்டும். கருப்பையாவின் தங்கை பஞ்சவர்ணத்தைத்தான் முனியசாமி கட்டியிருக்கிறார்.

“மாப்ள, நீங்க எதுக்கு எந்திரிக்கிறீக?” என்றார் கருப்பையா, கிசுகிசுப்பாக.

“மச்சான், முதல் பிரதி எனக்குத் தாரேன்னு டாக்டர் வாக்குக் குடுத்திருக்காக,” என்றார் முனியசாமி, அதைவிடக் கிசுகிசுப்பாக.

“எனக்கில்ல குடுத்தாக!”

“நான் என்ன பொய்யா சொல்றேன்?”

நான் எத்தனையோ சண்டை பார்த்திருக்கிறேன், இப்படி ஒரு சண்டையைப் பார்த்ததே இல்லை. இரண்டு பேருக்கும் கழுத்து நரம்பு புடைக்கிறது. கண் சிவக்கிறது. துண்டை உதறுகிறார்கள். சத்தம் மட்டும் வரவில்லை. இரண்டு பக்கத்து ஆட்களும் எழுந்து நின்று கையை நீட்டி நீட்டிக் கிசுகிசுத்தார்கள். “ஏலே, மரியாதையாப் பேசுலே” என்று ஒருவர் இன்னொருவர் காதுக்குள் குனிந்து சொன்னார். அவரும் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டு, “நீ பேசுலே” என்று இவர் காதுக்குள் சொன்னார். தூரத்தில் இருந்து பார்த்தால் ஏதோ ரகசியத்தைப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்றுதான் நினைப்பீர்கள்.

“வருசம் பூரா இவுகள இந்தக் கரையிலயே குடிவச்சா எங்க வீடு நிம்மதியா இருக்கும் டீச்சர்,” என்றார் பஞ்சவர்ணம் என் பக்கத்தில்.

நான் நடுவில் புகுந்து, டாக்டர் ஆளுக்கொரு கையால் இரண்டு பிரதிகளை ஒரே நேரத்தில் கொடுக்கட்டும் என்றேன். டாக்டரின் வலது கை யாருக்கு என்று கேட்டார்கள். சரி, முதல் பிரதியை அய்யனாருக்கு வைத்துவிடலாம் என்றேன். அய்யனார் யார் ஊர் எல்லையில் இருக்கிறார் என்று ஆரம்பித்தார்கள். அவர் வடகரை எல்லையில்தான் இருக்கிறார், ஆனால் அவருடைய குதிரை தென்கரையைப் பார்த்து நிற்கிறது. இரண்டு கட்சிக்கும் ஆதாரம் இருந்தது.

டாக்டர் கையில் புத்தகத்தோடு நடுவில் நின்றுகொண்டிருந்தார். முதலில் இந்தப் பக்கம் பார்த்தார், பிறகு அந்தப் பக்கம். யாருமே அவரைப் பார்க்கவில்லை. புத்தகத்தை அவர் நெஞ்சோடு அணைத்துக்கொண்டதை நான்தான் பார்த்தேன். மறுநாள் ஊரைவிட்டுப் போகிற மனிதர். கேட்டது ஒரே ஒரு வரிசை.

“நிறுத்துங்கய்யா!”

அப்படி ஒரு குரல் அவருக்குள் இருந்தது அவருக்கே தெரிந்திருக்காது. கடலில் போகிற படகைக் கரையிலிருந்து கூப்பிடுகிற அக்காள்மடத்துக் குரல். கண்மாயில் இருந்த அத்தனை பறவைகளும் ஒரே நேரத்தில் எழும்பின. வெயில் மறைந்து நிழலானது. அப்புறம் மேலேயிருந்து விழ ஆரம்பித்தது. சந்தனத்தின்மேல் விழுந்தது, பட்டுத்துண்டின்மேல் விழுந்தது, தவிலின்மேல் விழுந்தது, வெள்ளை வேட்டிகள் எல்லாவற்றின்மேலும் விழுந்தது. டாக்டர் தன் வழுக்கைத் தலையைக் காப்பாற்ற, கையில் இருந்ததைத் தலைக்குமேல் பிடித்தார். முதல் பிரதியை நாரைகள் வாங்கிக்கொண்டது அப்படித்தான்.

பறவைகள் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு மெல்ல மெல்லக் கூட்டுக்கு இறங்கின. எல்லோரும் டாக்டரைப் பார்த்தார்கள். பறவைகளைக் கலைத்துவிட்டோமே என்று அவர் வெலவெலத்துப் போயிருந்தார்.

இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்கவேண்டும். என் வாயில் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. ‘டாக்டர் வெளியூர்க்காரர், தெரியாமல் செய்துவிட்டார், மன்னித்துவிடுங்கள்.’ சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே பிரச்சினை முடிந்திருக்கும். போட்டோக்காரர்களை அனுப்பிய மாதிரி அவரையும் கையசைத்து அனுப்பியிருப்பார்கள். வாயைத் திறந்துவிட்டேன். அப்போது டாக்டரின் முகத்தைப் பார்த்தேன். பயம் இருந்தது, ஆனால் பயம் மட்டும் இல்லை. பரீட்சை முடிவு ஒட்டும் பலகைக்கு முன்னால் நிற்கிற பையன் மாதிரி இரண்டு தலைவர்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். எத்தனையோ புத்தகத்தில் எத்தனையோ வாக்கியத்தை அடித்திருக்கிறேன். அவற்றில் உருப்படியாக அடித்தது இந்த ஒன்றுதான்.

கருப்பையா தோளில் விழுந்ததைத் துடைத்துக்கொண்டே மெல்லச் சொன்னார். “டாக்டரு கரையில கத்திட்டாக. வாய்க்கட்டுப் போட்டுத்தான் ஆகணும்.”

“போடுறது யாரு?” என்றார் முனியசாமி. “எங்க ஊரு ஆளுக்கு நீங்க எப்படிப் போடுவீக மச்சான்?”

“அவுக உங்க ஊரு ஆளா? வந்த அன்னைக்கு வண்டிய நிறுத்துனது எங்க ஊரு வேப்ப மரத்தடியில.”

“வண்டிய அங்கன நிறுத்திட்டுச் சோறு தின்னது எங்கன? எங்க வீட்டுல!”

“ஆமா, நான்தான் போட்டேன்,” என்றார் பஞ்சவர்ணம். “போட்டதை எல்லாம் தின்னாக. போதும்னு சொல்லத் தெரியாது.”

மறுபடி கிசுகிசுச் சண்டை ஆரம்பித்தது. ஆனால் இப்போது முதல் பிரதியைப் பற்றி யாரும் பேசவில்லை. தண்டனை போடும் உரிமை யாருக்கு என்பதுதான் வழக்கு. தென்கரையில் எத்தனை பிள்ளைகளுக்கு டாக்டர் பெயர் வைத்திருக்கிறார் என்றார்கள். வடகரையில் எத்தனை சாவுக்கு அவர் தலையில் துண்டு கட்டி நடந்திருக்கிறார் என்றார்கள். டாக்டருக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கருப்பையாவும் முனியசாமியும் ஒரே நேரத்தில் திரும்பி, வாயில் விரல் வைத்து, “உஸ்ஸ்!” என்றார்கள். அந்த இரண்டு பேரும் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான் என்று பஞ்சவர்ணம் பிற்பாடு சொன்னார்.

“அப்ப எந்தப் பக்கம் உக்காருறது?” என்றார் முனியசாமி. கூட்டத்தில் வடகரை ஆள் மடைக்கு வடக்கே, தென்கரை ஆள் தெற்கே உட்காரவேண்டும்.

“மடைக்கல்லு மேல உக்காரட்டும்,” என்றார் பஞ்சவர்ணம். “ரெண்டு பக்கமும் காது கேக்கும்ல.”

டாக்டர் போய் மடைக்கல்லில் உட்கார்ந்தார். அவருக்கு வடக்கே ஒரு ஊர், தெற்கே ஒரு ஊர். நடுவில் இருந்த இடைவெளியை அவர் அடைத்துவிட்டதால் அது பார்ப்பதற்கு ஒரே வரிசையாகத்தான் இருந்தது. நான் பிரதிகளை இரண்டு முனையிலிருந்தும் கொடுத்துக்கொண்டு வந்தேன். டாக்டர் பல நாள் எழுதிக் கொண்டுவந்த ஏற்புரை அவர் சட்டைப் பையிலேயே இருந்துவிட்டது. அதை நான் முன்பே படித்திருந்தேன். வாய்க்கட்டு அன்றைக்கு எல்லோருக்குமே நல்லதாகப் போயிற்று.

எச்சம் பட்ட பிரதியைக் கீழே வைத்ததும் இரண்டு தலைவர்களும் அதைப் பார்த்த பார்வை சரியில்லை. நாரை எச்சம் விழுந்த தண்ணீர் பாய்ந்தால்தான் வயல் விளையும் என்று நம்புகிற ஊர்கள் அவை. அடுத்த வழக்கு ஆரம்பிப்பதற்குள் அதை எடுத்து என் பைக்குள் போட்டு, “இது ஆபீஸ் காப்பி” என்றேன். அன்றிலிருந்து அது நம் அலமாரியில் இருக்கிறது. எந்தத் தலைவர் வந்து கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

டாக்டர் மறுநாள் கோயம்புத்தூர் போனார். அமாவாசைக்கு வந்துவிட்டார். அடுத்த அமாவாசைக்கும் வந்தார். “இந்த வயசுல இவ்வளவு தூரம் எதுக்கு அலையணும்னு மகன் திட்டுறான். தண்டனைடா, போகாம இருக்க முடியாதுன்னு சொல்லிட்டேன்” என்றார் போனில், பெருமை தாங்காமல். இரண்டாம் பதிப்புக்கு முன்னுரையைத் திருப்பி அனுப்பியபோது அதில் ‘வெளியூர்க்காரனான நான்’ இல்லை.

வருஷம் முடிந்த அன்றைக்குக் கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மறுபடியும் பறவைகள் வந்து மரமெல்லாம் வெள்ளையாக இருந்தது. டாக்டர் மடைக்கல்லில் உட்கார்ந்திருந்தார். கருப்பையா எழுந்து, தணிந்த குரலில், “டாக்டரோட வாய்க்கட்டு இன்னையோட முடிஞ்சிருச்சு. இனி நீங்க பேசலாம் டாக்டர். கூட்டத்துக்கு வந்துதான் ஆகணும்னும் இல்ல, அவ்வளவு தூரத்துல இருந்து அலைய வேண்டாம்” என்றார்.

டாக்டரின் முகம் சுருங்கிப்போயிற்று. அப்புறம் எழுந்தார். மரங்களில் இருந்த பறவைகளை ஒரு தடவை நன்றாகப் பார்த்துக்கொண்டார். இரண்டு கையையும் வாயருகே குவித்தார்.

“ஓய்,” என்றார்.

பக்கத்தில் இருந்த எனக்கே சரியாகக் கேட்கவில்லை. ஒரு நாரைகூடத் தலையைத் திருப்பவில்லை.

கருப்பையா முனியசாமியைப் பார்த்தார். முனியசாமி கருப்பையாவைப் பார்த்தார்.

“யாத்தே, என்ன சத்தம்!” என்று காதைப் பொத்திக்கொண்டார் முனியசாமி.

“காது கிழிஞ்சுபோச்சு மாப்ள,” என்றார் கருப்பையா, கிசுகிசுப்பாக. “இன்னொரு வருசம் போட்ருவோம்.”